ரூபினா வைக்காத சிவப்புப் புள்ளி

கோட்டைமேட்டில் ரூபினாவும் ஷைமாவும் சேர்ந்து நடத்தும், டி.வி.யில் மாட்டி விளையாடுகிற கேம் பெட்டி ரிப்பேர் கடையில் சிவப்பு நகப்பூச்சு பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கும். யாரும் பூசிக்கொள்வதற்கு இல்லை. டிஸ்க்கைப் படிக்கிற லேசரின் ஓரத்தில் கடுகளவு திருகு ஒன்று உண்டு. லேசர் தேய்ந்துபோனால் யோக்கியமான ஆள் புதுசு மாற்றுவான். திருட்டுப் பயல் அந்தத் திருகை ஒரு முடுக்கு முடுக்கிவிடுவான். கரண்டு கூடுதலாகப் பாய்ந்து பழைய லேசர் இருபது நாள் ஜோராக வேலை செய்யும், அப்புறம் ஒரேயடியாகச் செத்துப்போகும். அதனால் ரூபினா புது லேசர் போட்ட கையோடு திருகின்மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்து அடைத்துவிடுவாள்.

"இந்தப் புள்ளி இருந்தா என் கை பட்டதுங்க. ஆறு மாசத்துக்கு நான் பொறுப்புங்க" என்பாள்.

சோமனூர், பல்லடத்திலிருந்தெல்லாம் ஆட்கள் அதை நம்பித்தான் வந்தார்கள். அந்தப் பேர் என்ன சும்மா வந்ததா? சென்னையில் கிடைத்த வேலையை உதறிவிட்டு, பெற்ற அத்தாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, நாலு வருஷம் குனிந்த தலை நிமிராமல் சம்பாதித்தது. அது ஒன்றுதான் அவளிடம் இருந்த சொத்து.

அன்றைக்குக் காலையில் ராசாத்தாள் வந்தார். சோமனூரில் எட்டுத் தறி ஓட்டுகிற பெண்மணி. மகன் மிதுனின் பெட்டியைக் கட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்தார்.

"ஏனுங்க அம்மணி, வாங்கிட்டுப் போயி இருவது நாளுதானுங்க ஆச்சு. மறுபடியும் டிஸ்க்கே எடுக்க மாட்டேங்குதுங்க. பையன் ஊட்டையே ரெண்டு பண்ணிப்போட்டானுங்க."

"உக்காருங்கக்கா, பாத்துடலாம்" என்றாள் ரூபினா.

கல்லாவில் இருந்த ஷைமா சட்டென்று தலை தூக்கினாள். "வெச்சுட்டுப் போகட்டும் ரூபி. சாயங்காலம் பாக்கலாம்."

"அவ்வளவு தூரம் பஸ்ல வந்திருக்காங்கடி" என்று சொல்லிக்கொண்டே ரூபினா பெட்டியைக் கழற்றிவிட்டாள்.

புள்ளி இருந்தது. ஆனால் லேசரோ வருஷக்கணக்கான தூசியில் புதைந்து கிடந்தது. ஊசியால் புள்ளியைச் சுரண்டினாள். அடியில் திருகு கடைசி வரைக்கும் முடுக்கியிருந்தது. ரசீதில் தேதியைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் போத்தனூரில் சின்னம்மா மகள் கல்யாணத்தில் இருந்தாள்.

ஷைமாவைத் திரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். "என்னடி இது?"

"கத்தாதடி. லேசர் தீந்துபோச்சு, அந்தம்மா போன் மேல போன் போட்டாங்க, செஞ்சுபோட்டேன். அல்லா மேல ஆணையா, இது ஒண்ணுதான்."

"பத்து லேசர் வரவழைச்சு வெச்சுட்டுத்தானேடி போனேன்?"

"தீந்துபோச்சுங்கறேன்ல? தப்புதான். காட்டிக் குடுத்துடாத ரூபி, உன் கால்ல வேணா விழறேன்."

எட்டாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. ஒரே டிபன் பாக்ஸ். ஷைமாவுக்கு நிச்சயம் முறிந்தபோது மூன்று மாதம் ரூபினா வீட்டில்தான் படுத்துக் கிடந்தாள். அவள் அழுதால் ரூபினாவுக்குத் தாங்காது. சரி, தொலையட்டும் என்று வெளியே வந்தாள்.

"என் தப்புதாங்கக்கா. நான்தான் சரியாப் பாக்காம விட்டுட்டேன். பழக்கடை அண்ணன் பெட்டிக்கு எடுத்து வெச்ச புது லேசர் ஒண்ணு இருக்கு. பத்தே நிமிஷம், போட்டுத் தர்றேன்."

ராசாத்தாள் பெருமூச்சு விட்டார்.

"அப்ப அவங்க சொன்னது நெசந்தானுங்களா? போன வாரம் ஷைமா அம்மணி போன் பண்ணாங்க. 'ரூபினாவுக்கு இப்பெல்லாம் கை நடுங்குதுங்க, அவ புள்ளி வெச்ச பெட்டியெல்லாம் திரும்பி வருதுங்க, நான் காந்திபுரத்துல தனியாக் கடை போடறேன், அங்க வந்துருங்க'ன்னாங்க. நான் நம்பலைங்க. அதனாலதான் நேரா உங்ககிட்டயே கொண்டாந்தேன். இப்ப நீங்களே உங்க தப்புன்னு சொல்றீங்களே."

அடிப்பாவி! பத்து லேசரும் எந்தக் கடைக்குப் போனதென்று ரூபினாவுக்கு அப்போதுதான் புரிந்தது. இன்னும் எத்தனை பெட்டிக்குள் தன் பேரில் அந்தப் புள்ளி உட்கார்ந்திருக்கிறதோ! கூட இருந்தே குழி பறித்திருக்கிறாள். சோறு போட்டு, தோள் கொடுத்து, இந்த நிமிஷம்கூடப் பழியைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு... இதற்குத்தானா!

"அது என் கை இல்லைங்கக்கா! அன்னிக்கு நான் கடையிலயே இல்ல. இவதான் என் புள்ளியை வெச்சு..." திரையை விலக்கிக்கொண்டு வந்த ஷைமாவைக் காட்டினாள்.

"இப்பத்தானுங்களே உங்க தப்புன்னீங்க" என்றார் ராசாத்தாள். குரலில் கோபம் துளியும் இல்லை. "உங்க சண்டைய நீங்க பேசிக்குங்க கண்ணு. எனக்குப் பொட்டிய மூடிக் குடுத்துடுங்க, போதும்."

ரூபினா திருப்புளியை எடுத்தாள். ஆத்திரத்தில் கை உதறியது. திருகாணி ஒரு முறை நழுவியது. குனிந்து எடுத்தாள். மறுபடியும் நழுவியது. ராசாத்தாளின் பார்வை அந்தக் கையைவிட்டு நகரவில்லை.

"குடுடி, நான் பூட்டித் தர்றேன்" என்று தேன் ஒழுகச் சொல்லிக்கொண்டு ஷைமா கையை நீட்டினாள்.

ராசாத்தாள் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.