மணிக்கட்டில் குடியேறியவர்கள்

முத்துமாரியின் இடது மணிக்கட்டில், வளையல் விழும் இடத்துக்குச் சற்று மேலே, பழைய ஐம்பது பைசா அகலத்தில் ஓர் ஊர் குடியிருந்தது. பார்வைக்கு அது கருத்த வட்டத் தழும்பு. காதை வைத்துக் கேட்டால் உள்ளே ஆட்கள் பேசிக்கொள்ளும் சத்தம் வரும், அதுவும் சுத்தமான திருநெல்வேலிப் பேச்சில். தாராவியில் இதை யாரும் பெரிய சங்கதியாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்துக்குப் பத்து அறையில் மூன்று குடும்பம் இருக்கிற சந்தில், ஒருத்தி கையில் ஓர் ஊர் இருந்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் பொதுவான எண்ணம்.

அவர்கள் குடியேறிய வரலாறு சுருக்கமானது. கல்யாணமாகி பம்பாய் வந்த முதல் மழைக்காலத்தில் முத்துமாரிக்குக் காய்ச்சல் கண்டது. சந்து முனை டாக்டர், பெயர் எழுதாத காகிதப் பொட்டலத்தில் மஞ்சள் மாத்திரை கட்டிக் கொடுத்தார். காய்ச்சல் போயிற்று. ஆனால் ஒரு வாரம் கழித்து மணிக்கட்டில் சிவந்த வளையம் ஒன்று கிளம்பித் தீயாய் எரிந்தது. அதுவரை வேலைவெட்டி இல்லாமல் அவள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்த காவல்காரர்கள், யாரையும் அடித்துப் பழக்கமில்லாதவர்கள், அந்த மாத்திரையைப் பகைவன் என்று முடிவுகட்டி, ஒருவர் நூறாகப் பெருகி அங்கே வந்து இறங்கியிருந்தார்கள். சண்டை ஓய்ந்ததும் பெரும்பாலோர் மடிந்துபோனார்கள். மிஞ்சியவர்களில் சிலர் மறுபடி ரத்தத்தில் ஏறி, லோக்கல் ரயிலில் போகிறவர்கள்போல உடம்பெங்கும் போய் வந்துகொண்டிருந்தார்கள். மற்றவர்கள் இறங்கின இடத்திலேயே தோலுக்கடியில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஸ்டேஷன் பக்கமே அவர்கள் தலைவைத்துப் படுக்கவில்லை. தாங்களும் வந்து இறங்கின இடத்திலேயே தங்கிவிட்ட தாராவிக்காரர்களுக்கு இதில் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

இரண்டாம் தடவை தொண்டைவலிக்கு அதே மாத்திரை வந்தபோது, அதே இடம் அதே வட்டமாகப் பற்றிக்கொண்டது. முன்பு ஒரு வாரம் பிடித்த வேலையைச் சாயங்காலத்துக்குள் முடித்தார்கள். பிறகு விழுங்கவே வேண்டாம், பொட்டலம் பக்கத்தில் வந்தாலே கூச்சல் போட ஆரம்பித்தார்கள். செய்தி பரவியதும் அக்கம்பக்கத்தார் தங்கள் சந்தேகங்களையும் கொண்டுவந்து மணிக்கட்டில் காட்டினார்கள். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கேட்டார்கள். எதிர்வீட்டுச் சீனியம்மாள் தன் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் போட்டோவைக் காட்டினாள். ஊர் வாயைத் திறக்கவில்லை. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு மாத்திரை. மாப்பிள்ளையின் குணம் பிற்பாடு தெரியவந்தபோது, முன்கூட்டியே சொல்லாத கோபத்தில் சீனியம்மாள் அந்த மணிக்கட்டோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டாள்.

வருஷங்கள் இப்படியே ஓடின. முத்துமாரி கரீம் பாட்சாவின் பை தைக்கும் பட்டறையில் ஜிப் வைக்கும் வேலை பார்த்தாள். கணவர் மாரிக்கண்ணன் டாக்ஸி ஓட்டினார். போன மழைக்காலத்தில் அவளுக்கு இருமல் வந்தது, போகவில்லை. மாடி அறைக்குப் போகும் இரும்பு ஏணியில் பாதியிலேயே மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நுரையீரலில் லேசில் வராத ஒரு கிருமி வந்து உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு மருந்தாகத் தோற்றது. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த இளம் டாக்டர் மானசா, கடைசியில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

“பாக்கி எல்லாம் குடுத்துப் பாத்தாச்சு. அந்த மஞ்சள் மாத்திரை ஒண்ணுதான் இருக்கு. ஆனா ஒரேயடியா குடுத்தா உங்க கை சும்மா இருக்காது. உடம்பு பூரா எரிஞ்சுடும்.”

மாரிக்கண்ணன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டைப் பார்த்து அழுதார். “பெரியவங்களா, எம் பொண்டாட்டி செத்துப்போவா. இந்த ஒரு தடவ விட்டுருங்க.”

“அந்த மஞ்சப் பயல எங்களுக்குத் தெரியும்வே. இவள எரிச்சவன் அவன்தான்” என்று உள்ளிருந்து பதில் வந்தது.

எரித்தது தாங்கள்தான் என்பதை அவர்களிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவளைக் காப்பாற்றுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள், சிக்கலே அதுதான்.

மோசம்பிப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்த கரீம் பாட்சா முழுவதையும் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார். “தங்கச்சி, நம்ம பட்டறைக்குப் புது ஆள் வந்தா மொத நாளே மிஷின்ல உக்கார வைக்கமா? வாசல்ல இருந்து நூல் பொறுக்கட்டும், சாயா குடிக்கட்டும்னு விடுதோம். பழைய ஆளுக மொறச்சுப் பாத்து ஓஞ்ச பொறவுதான உள்ள கூப்பிடுதோம்?”

மானசா சிரித்துவிட்டார். “நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். எங்க புஸ்தகத்துல அதுக்கு வேற பேர்.”

மறுநாள் காலை மாத்திரையைக் கரைத்து, அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை மட்டும் இன்னொரு டம்ளர் தண்ணீரில் விட்டுக் கொடுத்தார்கள். குடிப்பதற்கு முன் முத்துமாரி மணிக்கட்டிடம், “நாந்தான் கூப்பிட்டிருக்கேன். வாசல்லதான் இருப்பான், பாத்துக்கிடுங்க” என்றாள். கட்டில்கள் கிரீச்சிட்டன. வட்டம் சிவந்தது, வெகுநேரம் முணுமுணுத்தது, பிறகு அடங்கியது. அடுத்த வேளை இரண்டு சொட்டு. அப்படியே ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு கரண்டி அளவை எட்டிய அன்று மத்தியானம் ஊர் மொத்தமும் எழுந்துகொண்டது. உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மானசா ஊசியோடு ஓடிவரவேண்டியதாயிற்று. தன் உடம்பே தன்னைக் கொன்றுவிடும் என்று முத்துமாரி அன்று நிஜமாகவே பயந்தாள். மாரிக்கண்ணன் இதெல்லாம் போதும் என்றார்.

“இருக்கட்டுங்க. அவுகளுக்கு இன்னைக்கு மனசு சரியில்ல” என்று முத்துமாரி முனகினாள்.

மானசா அளவைப் பழைய சொட்டுகளுக்கு இறக்கி மறுபடி தொடங்கினார். ஒவ்வொரு வேளையும் முத்துமாரி, “நாந்தான் கூப்பிட்டிருக்கேன்” என்று அதே வார்த்தையைச் சொன்னாள். மழை நின்றது. கால் மாத்திரை, அரை, பிறகு முழுசு. புது ஆள் உள்ளே வந்து உட்கார்ந்ததை ஊர் பார்த்தது, கட்டிலைவிட்டு எழவில்லை. தீபாவளிக்கு முத்துமாரி ஏணியில் நிற்காமல் ஏறினாள். மாரிக்கண்ணன் கீழே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மருந்து முடிந்த அன்று மானசா மணிக்கட்டைக் காட்டி எச்சரித்தார். “நிறுத்தினதும் பழைய ஞாபகம் திரும்பிடும். இவா எதையும் மறக்கறவா இல்லை. என்னைக் கேக்காம இனிமே அதைத் தொடப்படாது.”

குளிர் தொடங்கியதும் முத்துமாரிக்கு லேசாகத் தொண்டை கட்டியது. மாரிக்கண்ணன் அவசரத்தில் சந்து முனை டாக்டரிடமே போய் ஒரு பொட்டலம் வாங்கி, உள்ளே என்ன மாத்திரை என்று பிரித்துப் பாராமலே கொண்டுவந்து அவள் கையருகில் வைத்தார். கட்டில்கள் கிரீச்சிட்டன. கூச்சல் வரவில்லை. ஒரே ஒரு குரல்தான் வந்தது.

“ஏட்டி, நீ கூப்பிட்டியா?”

முத்துமாரி மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கிவிட்டது.

“இல்ல. இன்னைக்கு நான் கூப்பிடல” என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவர்கள் கத்தினார்கள். மாரிக்கண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு பொட்டலத்தை மாற்றி வாங்கப் போனார்.