எழுதியவர் தெரியவில்லை

தம்பி திரைக்கதை எழுதுவான். டைப் அடிப்பது அக்கா. அவன் கையெழுத்து அவனுக்கே விளங்காது என்பதால் பதினோரு வருடமாக இந்த ஏற்பாடு. காட்சி விவரிப்பில் பாட்டு வந்துவிட்டால் அவளிடம் ஒரு சமாதானமும் செல்லாது. பாட்டின் பெயர் மேற்கோள் குறிக்குள் வரவேண்டும். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எழுதியவர் பெயர். ஒருமுறை அவசரத்தில் அவனே அடித்து, குறியை விட்டுவிட்டான். "ரேடியோவில் பாட்டு. கதவைத் திற." நடிகர் நிஜமாகவே எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டார்.

அன்று இருபத்திரண்டாம் காட்சி. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: தாய் குழந்தைக்குத் தலை துவட்டியபடி 'பொக்கைவாய் ராசா' பாடுகிறாள்.

அக்காவின் விரல்கள் நின்றன. முன்பல் விழுந்து, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அவன் அடம்பிடித்த காலையில் அவளே கட்டிய பாட்டு அது.

"எழுதினது யாருன்னு போடணுமே," என்றாள். முகத்தில் லேசாக ஒரு வெட்கச் சிரிப்புகூட இருந்தது.

அவனோ டைரக்டரிடம் ஏற்கெனவே அளந்து வைத்திருந்தான், எங்கெங்கோ அலைந்து ஒரு கிழவியிடம் கேட்டு வாங்கிய பாட்டு என்று. டைரக்டரும் நாலு பேர் முன்னால் முதுகில் தட்டிப் பாராட்டிவிட்டார்.

"தெரியலைன்னு போடு."

சிரிப்பு போய்விட்டது. ஒரு பிழையும் இல்லாமல் அடித்துக் கொடுத்தாள்.

மறுநாள் மதியம் டைரக்டர் போன் செய்து இரண்டாம் சரணத்தைக் கேட்டார். அவனுக்கு முதல் நாலு வரிக்கு மேல் வராது. அக்காவிடம் போய் நின்று, மென்று விழுங்கி, அளந்த கதையையும் சேர்த்துச் சொன்னான்.

"என்னையாடா கிழவின்னே?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சரணத்தை முழுதாக அடித்தாள்.

அவனுக்கு உடம்பே கூசியது. "உன் பேரைப் போட்டுடலாம்க்கா. நான் அவர்கிட்ட பேசிக்கறேன்."

"வேணாம். இப்பப் போய்ச் சொன்னா உன்னைத்தான் பொய்யன்னு நினைப்பார். நாளைக்கு உன்னைக் கூப்பிட மாட்டார். இருக்கட்டும் விடு."

இல்லை, போடத்தான் வேண்டும் என்று அவன் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. அப்படி இருந்ததை அவளும் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தபோது, தாளை எடுத்துக்கொண்டு தலை நிமிராமல் வெளியே போனான்.