சமமாக வெட்டிய கால்கள்

தையற்காரரின் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டால் பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவது அவருக்குக் கேட்காது. போன வாரம் அவர் மனைவி தண்ணீர்ச் செம்பை எட்டி எடுக்கப்போய்க் கட்டிலிலிருந்து விழுந்தாள். ஒரு சட்டை முழுவதையும் தைத்துவிட்டு அவர் எழுந்து வரும்வரை தரையிலேயே கிடந்தாள். பக்கவாதம் அவளுக்கு விட்டுவைத்தது இடது கையையும் ஒன்றிரண்டு சொற்களையும்தான்.

சேதி தெரிந்ததும் அவளுடைய அக்கா போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை வண்டியோட வரேன் தம்பி. அவ இனி எங்க வீட்டுலயே இருக்கட்டும்."

மெஷினை விட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க அவரால் முடியாது. மெஷின் நின்றால் வீட்டில் அடுப்பும் நின்றுவிடும்.

வழி சொன்னது ஆறாம் வகுப்பில் படிக்கும் மகள். "மணி வச்சா உனக்குக் கேக்காதுப்பா. லைட்டு வைப்போம். உன் கண்ணு எப்பவும் ஊசியிலதானே இருக்கு?"

சனிக்கிழமை இருவரும் துணி வெட்டும் மேசையைக் காலி செய்து உட்கார்ந்தார்கள். இரண்டு பேட்டரி, ஒரு சுவிட்ச், ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கு, நீளமான ஒயர். நூல் வெட்டும் கத்தரியாலேயே அவர் ஒயரின் தோலை உரித்தார். உள்ளே ஒரு கம்பிகூட அறுபடவில்லை. மகள் இணைப்புகளை முறுக்கி டேப் ஒட்டினாள். ஊசிக்குப் பக்கத்தில் விளக்கு, கட்டிலில் சுவிட்ச்.

அம்மா அழுத்தினாள். எரியவில்லை. பேட்டரியை மாற்றினார்கள், இணைப்புகளைப் பிரித்துக் கட்டினார்கள். அப்போதும் எரியவில்லை. அவள் சுவிட்சைப் போர்வைமேல் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மகள் விளக்கைக் கழற்றி உற்றுப் பார்த்தாள்.

"இதோட கம்பிக் காலை யாருப்பா வெட்டுனது?"

"நான்தான். ஒண்ணு நீட்டமா, ஒண்ணு குட்டையா இருந்துச்சு. பிசிறோட குடுத்தா நல்லாவா இருக்கும்?"

"அது பிசிறு இல்லப்பா! நீட்டுக் கால்தான் பிளஸ். அதை வச்சுத்தான் எந்தப் பக்கம் மாட்டணும்னே தெரியும்."

கல்யாணத் துணியைத் தப்பாக வெட்டிவிட்டவர்போல அவர் நின்றார்.

"சரி, திருப்பி மாட்டிப் பாப்போம்" என்றாள் மகள். "உங்கிட்ட யானையைக் குடுத்தா தும்பிக்கையையும் வெட்டி அளவாக்கிடுவே."

மாற்றி மாட்டியதும் விளக்கு எரிந்தது. அதைக் கட்டிலருகே கொண்டுவந்து, சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தவளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவள் ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் சுவர்ப் பக்கமே திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் அக்கா வந்தாள். சுவிட்சைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "விளையாட்டுச் சாமானை நம்பி ஒரு ஆளை விட்டுட்டுப் போக முடியுமா?" என்றவள் தங்கையின் துணிகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் தையற்காரர் போய் மெஷினில் உட்கார்ந்தார். சத்தம் வீட்டை நிறைத்தது.

பாதித் தையலில் ஊசியோரம் சிவப்பு வெளிச்சம் விழுந்தது. அவர் மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு ஓடினார்.

கட்டிலில் அவள் இன்னும் சுவிட்சை அழுத்திக்கொண்டிருந்தாள். பையோடு நிற்கும் அக்காவைக் கண்ணால் காட்டினாள்.

"அக்காவுக்கு..." என்று தொடங்கி, அடுத்த சொல்லுக்காக வெகுநேரம் போராடினாள். "நாற்காலி."

நாற்காலிமேல் குவிந்திருந்த துணிகளை மகள் அள்ளிக்கொள்ள, அவர் அதைத் தூக்கிவந்து கட்டிலருகே போட்டார்.  அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளியாக உட்கார்ந்தாள்.