நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குத் தகப்பன்

குமாஸ்தாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் அரசாங்கத்தின் செயலி, அவர் நானூற்றுப் பன்னிரண்டு பேர் கொண்ட குடும்பத்தின் தலைவர் என்று சாதித்தது.

தவறு அவருடையதுதான். நலத்துறைச் சேவைகள் எல்லாம் கைப்பேசிக்கு மாறியபோது, பதிவு செய்ய வந்தவர்களில் பாதிப் பேரிடம் கைப்பேசி இல்லை. யாரையும் திருப்பி அனுப்ப மனம் வராமல், எண் கேட்ட கட்டத்தில் அவர் தன் எண்ணையே போட்டுக்கொண்டு போனார். ஒரே எண் என்றால் ஒரே குடும்பம் என்று செயலி முடிவு கட்டியது. பிறகு தன் இஷ்டத்துக்கு உறவுமுறையும் வகுத்தது.

இஸ்திரி போடும் பெண்ணின் மனுவால்தான் இது வெளியே வந்தது. அவள் கணவர் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து எட்டு மாதமாகப் பின்னறையில் கிடந்தார். அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அவருக்காகச் சக்கர நாற்காலி கேட்டிருந்தாள். பதில் குமாஸ்தாவின் கைப்பேசிக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் அவளுடைய இஸ்திரி மேசைக்கே வந்தார்.

"குடும்பத்துக்கு ஒரு நாற்காலிதானாம்மா. உங்க அண்ணனுக்கு ஏற்கெனவே குடுத்தாச்சாம்."

"எனக்கு ஏது சார் அண்ணன்?"

"பூட்டு ரிப்பேர்காரர். என்னோட மூத்த பையன்."

"அவரு உங்களவிட மூணு வயசு பெரியவராச்சே!"

"அத நான் சொன்னா கேக்க மாட்டேங்குது. நீ என் மூணாவது பொண்ணு."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "சரிப்பா, இப்பத்தான் எங்கிட்ட போன் இருக்கே. நம்பர மாத்திடுங்க."

"குடும்பத்த விட்டுப் பிரிஞ்சாத்தான் மாத்தலாமாம்."

பிரிவதற்கு மூன்று காரணங்களைச் செயலி ஏற்றுக்கொண்டது: மரணம், விவாகரத்து, சண்டை. சண்டை என்றால் ஒரு நிமிட வீடியோ அனுப்ப வேண்டும். குமாஸ்தா கைப்பேசியை உயர்த்திப் பிடித்தார்.

"என்னத் திட்டும்மா. உன் புருஷனுக்காகன்னு நெனச்சுக்கிட்டு நல்லாத் திட்டு."

அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். "பாவி மனுஷா! காலையில ஏதாச்சும் சாப்பிட்டியா இல்லியா? மூஞ்சியப் பாரு, வாடி வதங்கி! ஊருக்கெல்லாம் ஓடுற, உன்னக் கவனிக்க ஒரு நாதி உண்டா?"

உடனே பதில் வந்தது: "இது சண்டை அல்ல. குடும்பப் பாசம் உறுதி செய்யப்பட்டது."

வேறு வழியின்றி, அண்ணனோடாவது சண்டை போடலாம் என்று இருவரும் பூட்டுக் கடைக்குப் போனார்கள். நடக்க முடியாத பூட்டுக்காரர் பலகைமேல் உட்கார்ந்து சாவிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். நாற்காலி மடக்கிய நிலையில் சுவரில் சாய்ந்திருந்தது. முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் அரத்தைக் கீழே வைத்தார்.

"இதுக்கு எதுக்குத் தங்கச்சி சண்டை? பத்து மணிக்கு இந்தப் பலகையில ஏறி உக்காந்தா அஞ்சு மணி வரைக்கும் நான் எறங்குறதில்ல. அது பாட்டுக்குச் சும்மா நிக்குது. தெனமும் எடுத்துட்டுப் போ."

குமாஸ்தா கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார். ஆண்டவன் உறவை எந்த வாசல் வழியாக அனுப்புவான் என்று யார் கண்டார்கள்? அன்றைக்கு அவன் ஒரு செயலியின் கோளாறு வழியாக அனுப்பியிருந்தான்.

அன்றே பெயின்டர் வெளியே வந்தார். வெயில் பட்டுக் கண் கூசியது. ஆனாலும் கண்ணை மூட மறுத்தார்.

ஐந்து மணியாகியும் நாற்காலி திரும்பவில்லை. குமாஸ்தா கடை வாசலுக்கும் தெருவுக்கும் நடையாய் நடந்தார். தெருமுனையில் இஸ்திரிக்காரப் பெண் நாற்காலியைக் கடைப்பக்கம் திருப்பப் பார்த்தாள். பெயின்டர் கையை நீட்டி அடுத்த தெருவைக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் தயங்கிக் கடையைப் பார்த்தாள்.

"அஞ்சேகால் ஆயிடுச்சு. கூப்பிடட்டுமா? நீங்க எப்படி வீட்டுக்குப் போவீங்க?" என்றார் குமாஸ்தா.

"மாப்ள எட்டு மாசம் கழிச்சு வெளிய வந்திருக்காரு. அந்தத் தெருவையும் பாத்துட்டு வரட்டும்." பூட்டுக்காரர் அவளைப் பார்த்துப் போகும்படி கையசைத்துவிட்டு, பலகையில் நகர்ந்து இடம் விட்டார். "நீங்க வந்து உக்காருங்கப்பா."