ஏழும் நாற்பதும்

தடாலென்று கதவு சுவரில் மோத, விடைத்தாள் கட்டோடு பயிற்சி அதிகாரி உள்ளே நுழைந்தார். சனிக்கிழமைப் பயிற்சிக்கு வந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த இருபது கணக்கு ஆசிரியர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"பாலத்தடிப் பள்ளிக்கூடம் யாரு?"

மூன்றாம் வரிசையில் ஒரு டீச்சர் எழுந்தார்.

"முப்பத்தோரு பிள்ளைங்களுக்கு ரெண்டு இலக்க எண்ணே எழுத வரலம்மா. நாப்பத்தேழுன்னு சொன்னா எழுபத்துநாலு எழுதுறாங்க. வீட்டுல வேற பாஷை பேசுற பிள்ளைங்கதானே? திங்கட்கிழமையிலேருந்து மெதுவாப் படிக்கிறவங்க வகுப்புக்கு மாத்திடுங்க."

"அங்க போனா திரும்பி வர்றது குதிரைக்கொம்பு சார்."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

பக்கத்து நாற்காலிக்காரி டீச்சரின் கையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருக்கா. பெரிய இடத்துல வாயைக் கொடுக்காதே."

டீச்சர் உட்காரவில்லை. விறுவிறுவென்று கரும்பலகை முன்னால் போய் நின்றார்.

"எல்லாரும் பேனா எடுங்க. சார், நீங்களும்தான். நான் சொல்லச் சொல்ல, ஒவ்வொண்ணையும் சேர்த்து ஒரே எண்ணா எழுதணும், அடிச்சுத் திருத்தக் கூடாது. ஏழும் நாப்பதும்! மூணும் அறுபதும்! ஒம்பதும் இருபதும்!"

பேனாக்கள் ஓடின, தடுமாறின, நின்றன. அதிகாரியின் தாளில் முதலில் 7 விழுந்திருந்தது. அதற்கு முன்னால் 4 எழுத இடமில்லாமல் அதைக் கோட்டுக்கு வெளியே நெருக்கியிருந்தார். அடுத்தது, 63-க்குப் பதில் அப்பட்டமாக 36.

பக்கத்து நாற்காலிக்காரி எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். "சார், திங்கட்கிழமை நீங்களும் அந்த வகுப்புக்கு வர்றீங்களா?"

அறை குலுங்கிச் சிரித்தது. அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அவங்க பாஷையில ஒன்றுகள் இடத்து எண்ணைத்தான் முதல்ல சொல்லுவாங்க சார்," என்றார் டீச்சர். "நாம நாப்பத்தேழுன்னு சொன்னதும், மனசுக்குள்ள 'ஏழும் நாப்பதும்'னு மாத்திக்கிறாங்க. கை ஏழை முதல்ல எழுதிடுது. அச்சடிச்ச கணக்குல தப்பு இருக்கான்னு பாருங்க."

அதிகாரி கட்டைப் பிரித்தார். காதால் கேட்டு எழுதிய பக்கம் முழுக்கச் சிவப்பு. அச்சடித்த கூட்டல், கழித்தல் எல்லாம் சரி. முப்பத்தோரு தாளையும் ஒன்றுவிடாமல் புரட்டினார். பிறகு பேனாவை எடுத்து, வகுப்பு மாற்றப் பட்டியலின் குறுக்கே ஒரே கோடாக அடித்தார்.

கைதட்டல் அடங்க நேரமானது.

"அடுத்த மாசப் பயிற்சியை நீங்கதாம்மா நடத்தணும்," என்றார் அதிகாரி. "இத்தனை வருஷ சர்வீஸ்ல எனக்கே இது தெரியாமப் போச்சே! எங்க படிச்சீங்க இதை?"

டீச்சர் தலை நிமிர்ந்து, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"மெதுவாப் படிக்கிறவங்க வகுப்புல சார். நாப்பத்தேழை எழுபத்துநாலுன்னு எழுதிட்டு, மூணு வருஷம் அங்கதான் உக்காந்திருந்தேன்."