மூடிக்கு அடியில் ஒட்டிய சீட்டு

லேப்டாப் பழுது பார்க்கும் அந்த மாடிக் கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. ஆனால் தெருவில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "நாளைக்காரர் கடை" என்று கேட்டால்தான் கையை நீட்டி வழி காட்டுவார்கள். எப்போது போய்க் கேட்டாலும் "நாளைக்குக் கண்டிப்பா" என்பார், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். ஆள் கை சுத்தம், வேலையும் சுத்தம். சொன்ன நாளில் மட்டும் எதுவும் கிடைக்காது.

அன்று காலை மேசைமேல் இருந்த லேப்டாப்புக்கு அவர் நாளை சொல்லவில்லை. அது அவருடைய அக்காவின் கணவருடையது.

அத்தான் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. தொண்டையில் புற்று வந்து, ஆறு வாரத்துக்கு முன் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இருபது வருடம் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுத்தவர். "பிரேக்கை மெதுவா மிதிங்க" என்று தொண்டை கிழியச் சொல்லியே பாதி ஊரை ரோட்டுக்கு அனுப்பியவர். இப்போது அவர் மடியில் எழுதி அழிக்கிற சின்னப் பலகை ஒன்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். குரல் இருக்கும்போதே ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்துவிட்டால், பிறகு அவர் தட்டச்சு செய்வதை ஒரு கருவி அவருடைய குரலிலேயே பேசுமாம். அத்தான் பத்து நாள் பின்னறையில் இந்த லேப்டாப்பின் முன் உட்கார்ந்து, ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்த்து விறுவிறுத்துப் பேசித் தள்ளினார். கொடுத்த பட்டியல் போதாதென்று பிரேக் வாக்கியத்தையும், மகளைக் கூப்பிடும் செல்லப் பெயரையும் தானாகச் சேர்த்துக்கொண்டார். கடைசி வாக்கியம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று காலையில்தான் முடிந்தது. நகல் எடுக்க நேரமில்லை. திரும்பி வந்து பையைத் திறந்து பொத்தானை அழுத்தினால், விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே நின்றது.

"எல்லாம் இதுலதான்டா இருக்கு. வேற எங்கயும் இல்ல," என்றாள் அக்கா. "இந்த ஒரு தடவையாவது நாளைக்குன்னு சொல்லாத." சொல்லிவிட்டு மருந்துச் சீட்டோடு எதிர்ச்சாரிக் கடைக்கு இறங்கிப் போனாள்.

நாளைக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் வேறு சார்ஜர் மாற்றிப் பார்த்தார். பிறகு வெளியே ஒரு திரையை இணைத்துப் பார்த்தார்; அதுவும் கறுப்பு. கீழ்மூடியின் பத்துத் திருகாணிகளையும் கழற்றி, மூடியை அப்படியே மேசை ஓரத்தில் வைத்தார். பேட்டரி இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தார். நினைவகப் பட்டையை எடுத்து அதன் மஞ்சள் விளிம்பை அழிரப்பரால் தேய்த்து மறுபடி பொருத்தினார். ஒவ்வொரு தடவையும் அத்தான் ஸ்டூலிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் திரை பேசாமல் இருந்தது.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். மதர்போர்டில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பேட்டரி செல் இருக்கும். அதைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டால், மெஷின் குழம்பிப்போனதையெல்லாம் மறந்து புதிதாக எழுந்திருக்கும். ஆனால் இந்த மாடலில், கோப்புகள் இருக்கும் வட்டுக்குப் போட்ட பூட்டின் சாவியையும் சேர்த்து மறந்துவிடும். பிறகு நாற்பத்தெட்டு இலக்க எண்ணைக் கொடுத்தால்தான் வட்டு திறக்கும்.

எதற்கும் இருக்கட்டுமென்று மதர்போர்டு வேலை தெரிந்த நண்பருக்குப் போன் போட்டார்.

"செல்ல கழட்டிடாத," என்றார் நண்பர். "எங்கிட்ட அனுப்பு. ஒரு வாரம் ஆகும், ஆனா எதையும் அழிக்காம எழுப்பிடலாம். இல்ல, பூட்டு நம்பர் கையில இருக்கா?"

"இருக்கு. நான் போட்ட பூட்டுதானே."

பொய் இல்லை, வீம்பும் இல்லை. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த மெஷினுக்குப் பூட்டுப் போட்டாலும், தேதியையும் எண்ணையும் ஒரு வெள்ளைச் சீட்டில் எழுதி, கீழ்மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுவார். ஊரார் லேப்டாப் நூற்றுக்கணக்கில் அப்படித்தான் இருக்கின்றன. அந்த வழக்கத்தைத் தன் கையை நம்புவதுபோல் நம்பினார். கைக்கெட்டும் தூரத்தில் கவிழ்ந்து கிடந்த மூடியைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. ஒரு வாரம் காத்திருக்கவும் மனம் வரவில்லை. அத்தான் எதிரே உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்லைக் கழற்றினார். பத்து நிமிடம் கழித்து மறுபடி பொருத்திப் பொத்தானை அழுத்தினார்.

திரை வெளிச்சமானது. அத்தான் எழுந்து நின்று, காரை ஒழுங்காக நிறுத்திய மாணவனைத் தட்டுவதுபோல் மச்சானின் முதுகில் தட்டினார். அடுத்த நொடி நீலப் பக்கம் ஒன்று வந்து எண்ணைக் கேட்டது.

"பயப்படாதீங்க அத்தான். நம்பர் இங்கயே இருக்கு."

மூடியைத் திருப்பினார். சீட்டு இருந்தது. அவர் கையெழுத்தில் மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி இருந்தது. கீழே "பூட்டு எண்" என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரே ஒரு வார்த்தை: நாளைக்கு.

அந்த நாள் நினைவுக்கு வந்தது. அக்கா வீட்டுக் கூடத்தில் வைத்துப் போட்ட பூட்டு அது. அங்கே பிரிண்டர் இல்லை. அந்த நீள எண்ணை அதே லேப்டாப்புக்குள் ஒரு கோப்பாகப் போட்டுவைத்தார். எழுத உட்கார்ந்தபோது அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். நம் வீட்டு மெஷின்தானே, எங்கே ஓடிவிடப் போகிறது என்று மூடியை முடுக்கிவிட்டார். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் எழுதி ஒட்டியவர், சொந்த அத்தானுக்கு ஒட்டவில்லை.

பழைய அமைப்பையெல்லாம் திரும்ப வைத்துப் பார்த்தார். நீலப் பக்கம் அசையவில்லை. அத்தான் பலகையில் எழுதினார்: என்ன ஆச்சு?

"நம்பர் இல்ல அத்தான். நான் எழுதல." "செல்ல கழட்டாம இருந்திருந்தா... அவன் சொன்னான். நான்தான் கேக்கல. என் தப்பு."

அத்தான் எழுதினார்: வேற வழி?

"இல்ல."

அத்தான் அதை அழித்தார். பலகையை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். திட்டியிருந்தால் தேவலை என்று நாளைக்காரருக்குத் தோன்றியது. திட்டுவதற்குக்கூட மனிதரிடம் குரல் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நாற்பத்தைந்து வயதில், கடைக்கு நடுவில், அவமானத்தில் காது மடல் சுடச்சுட நின்றார்.

ஒருவேளை அந்த எண்ணைப் போனில் எப்போதாவது அனுப்பியிருப்போமோ என்று ஒரு நப்பாசை. அத்தானோடு இருந்த பழைய செய்திகளை மேலே மேலே தள்ளினார். அந்தத் தேதியை அடுத்த நாட்களில் மூன்று குரல் செய்திகள். அத்தான் யாருக்கும் அப்படி அனுப்புகிற ஆள் இல்லை. போன் செய்தால் இவர் எடுப்பதில்லை என்பதால் இவருக்கு மட்டும் அனுப்பியிருக்கிறார். மூன்றையும் இவர் கேட்டதே இல்லை. ஒருவேளை எண்ணைப் பார்த்துப் படித்து அனுப்பியிருப்பாரோ? சத்தத்தை முழுதாக வைத்து அழுத்தினார்.

"மாப்ள, நம்பர் எழுதி ஒட்றேன்னியே, எப்ப வர்ற?"

அத்தான் சட்டென்று தலையை நிமிர்த்தினார்.

"மாப்ள, நான்தான். அந்த நம்பர் இன்னும் ஒட்டல. ஞாயித்துக்கிழம வர்றியா?"

நல்ல கனத்த குரல். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லும் குரல். மூன்றாவது கொஞ்சம் நீளம்.

"சரி விடு, அவசரமில்ல. உனக்கு ஆயிரம் வேலை. நான் மறந்தாலும் நீ மறக்க மாட்ட, எனக்குத் தெரியும்."

அத்தான் போனுக்காகக் கையை நீட்டினார். வாங்கி, எங்கே அழுத்த வேண்டும் என்று பார்த்து, முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டார். "மாப்ள" என்று அவருடைய குரல் கடை முழுக்கக் கேட்டது. அவருடைய வாய் சத்தமில்லாமல் அதனோடு சேர்ந்து அசைந்தது.

மாடிப்படியில் தடதடவென்று காலடி. அக்கா மருந்துப் பையோடு மேல்மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றாள். ஆறு வாரமாக யாரும் பார்க்காத முகம் அது, அவ்வளவு வெளிச்சம்.

"கீழ வரைக்கும் கேட்டுது," என்றாள். "பேசுது இல்ல? நான்தான் சொன்னேனே, என் தம்பி எப்படியும் சரி பண்ணிடுவான்னு."

அத்தான் மச்சானைப் பார்த்தார். அக்காவிடம் உண்மையைச் சொல்ல வேண்டியவர் மச்சான் ஒருவர்தான். போன் மூன்றாவது செய்திக்கு வந்திருந்தது.