தடையே இல்லாத நாகன்கொட்டாய்

தன் ஊரான நாகன்கொட்டாயில் மின்சாரம் தடைபடுவதே இல்லை என்ற செய்தி சசிகலாவுக்குப் பாலக்கோட்டில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில்தான் தெரிந்தது. அவளுடைய மாவு மில்லில் வோல்டேஜ் தாழ்ந்து இரண்டு முறை மோட்டார் புகைந்திருந்தது. இன்னொரு முறை புகைந்தால் மில்லை மூடிவிட்டுத் தக்காளி மண்டிக்குக் கூடை தூக்கப் போக வேண்டியதுதான். ஊருக்குப் புது டிரான்ஸ்ஃபார்மர் கேட்டு மனுவோடு வந்திருந்தாள்.

மேடையில் மின்வாரிய அதிகாரி சந்திரமோகன் சீர்திருத்தத்தை விளக்கிக்கொண்டிருந்தார். இனிமேல் கண்ட இடத்தில் செலவு செய்து கட்டணத்தை ஏற்றப் போவதில்லையாம். எந்த ஊரில் அதிகம் தடைபடுகிறது என்று கணினி சொல்கிறதோ, அங்கே மட்டும்தான் டிரான்ஸ்ஃபார்மராம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. சசிகலாவின் முறை வந்ததும் அவர் டேப்லெட்டைத் தடவிப் பார்த்தார்.

"உங்க ஊர்ல போன வருஷம் ஒரு தடைகூட இல்லையேம்மா. மாவட்டத்துலயே முதலிடம்."

கூட்டம் கைதட்டியது. சசிகலாவும் சேர்ந்து தட்டிவிட்டுத்தான் விழித்துக்கொண்டாள்.

புகார் எண்ணுக்கு யாராவது போன் போட்டால்தானே கணக்கில் ஏறும்? நாகன்கொட்டாயில் கரண்ட் போனால் லைன்மேன் மாதப்பனின் செல்லுக்குத்தான் கூப்பிடுவார்கள். சோற்றுத் தட்டில் கை வைத்திருந்தாலும் கழுவிவிட்டு வருகிற ஆள். மூன்று பேர் வேலையை ஒற்றை ஆளாய்ப் பார்க்கிறவன். மேலே புகார் போனால் அவனுக்கு மெமோ வரும் என்று ஊரே வாயைக் கட்டிக்கொண்டிருந்தது. அந்த நல்ல மனசைத்தான் கணினி தடையில்லா மின்சாரம் என்று எழுதி வைத்திருக்கிறது.

ஊருக்குத் திரும்பி வந்து எல்லாரிடமும் சொன்னாள். "இனிமே அந்த நம்பருக்கே போடுங்க."

"மாதப்பனைக் காட்டிக் குடுக்கச் சொல்றியா நீ?" என்று பக்கத்து வீட்டுக் காசியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசியில் மாதப்பனே வந்து சமாதானம் செய்தான். "போடுங்கக்கா. மெமோ வந்தா வாங்கிக்கறேன். புது டிரான்ஸ்ஃபார்மர் வந்தா நான் கம்பம் ஏறுறதும் கொறையுமில்ல."

அப்புறம் ஊர் சும்மா இருக்குமா? பல்பு லேசாகக் கண் சிமிட்டினாலும் போன் பறந்தது. மூன்று மாதத்தில் தொண்ணூற்றிரண்டு புகார். ஒருநாள் காலை, எல்லார் செல்லிலும் ஒரே சமயத்தில் செய்தி வந்து விழுந்தது: உங்கள் குறை தீர்க்கப்பட்டது. சசிகலா டிரான்ஸ்ஃபார்மர் லாரி வருகிறதா என்று ரோட்டுக்கு ஓடிப் பார்த்தாள். மாதப்பன்தான் வந்தான், கையில் மாறுதல் உத்தரவோடு. சித்தேரி மலைக்குப் போட்டிருந்தார்கள்.

"தொண்ணூத்திரண்டு தடைக்கும் நாந்தான் காரணமாங்கக்கா" என்று சிரித்தான். சசிகலாவால் சிரிக்க முடியவில்லை. அந்த நம்பரை வீடு வீடாய்ப் போய்க் கொடுத்தது அவள்தானே.

மறுநாளே சந்திரமோகனின் அலுவலகத்தில் போய் நின்றாள்.

"சார், நான் கேட்டது டிரான்ஸ்ஃபார்மருங்க. நீங்க எங்க ஆளைத் தூக்கிட்டீங்களே."

"ஒவ்வொரு புகார்லயும் பொறுப்பாளர்னு அவர் பேர்தாம்மா வருது. ஆளை மாத்தியாச்சு, புகார் முடிஞ்சுது. பைசா செலவில்ல பாருங்க."

"அவருக்குப் பதிலா யாருங்க வருவாங்க?"

"அது காலியிடமாத்தான் இருக்கும். ஆள் போட்டா செலவு ஏறும், செலவு ஏறினா உங்க கட்டணம் ஏறும். எல்லாம் உங்க நன்மைக்குத்தான்."

மில் போனால் போகட்டும் என்று அவளுக்கு அந்த நிமிடம் தோன்றிவிட்டது. ஒரு தாள் கேட்டு வாங்கி, நின்றபடியே எழுதினாள்: "எங்கள் ஊருக்கு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். மாதப்பனை மட்டும் திருப்பி அனுப்புங்கள்." கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

படித்ததும் சந்திரமோகனின் முகம் மலர்ந்தது. மக்களே முன்வந்து செலவைக் குறைக்கச் சொல்லி அவர் பார்த்ததில்லையாம். முதல் வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு, முத்திரை குத்தி, கோப்பில் வைத்துக் கட்டினார். இரண்டாவது வரிக்கு வேறு பிரிவில் தனி மனு கொடுக்க வேண்டும் என்றார்.